சென்னீர்குப்பம் வீட்டில் குடியிருந்த ஆள்

சென்னைக்கு வந்த இரண்டாம் நாள், மேனாம்பேட்டில் பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே பாதி கட்டியிருந்த ஒரு வீட்டின் மாடியில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். காக்கிப் பேண்ட், கட்டம் போட்ட சட்டை. கொளுத்தும் வெயிலில் அசையாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் திரும்பி வந்தபோதும் அப்படியே இருந்தார். மறுநாள் காலையிலும் அதே இடம், அதே சட்டை. எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்து டீக்கடையில் போய்ச் சொன்னேன்.

"அண்ணே, அந்த மாடியில ஒருத்தர் ரெண்டு நாளா ஒரே இடத்துல உக்காந்திருக்காரு. உடம்புக்கு ஏதாவது ஆயிருக்குமோ?"

கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். பிறகு கடையில் இருந்த எல்லோரையும் பார்த்துச் சொன்னார். "த்தோ பார்றா, பான மண்டையனுக்கு ஒடம்பு செரியில்லியாம்! ஒரு டீ வாங்கிக்கினு போயி குட்த்துட்டு வா நைனா, பாவம்!"

கடை முழுக்கச் சிரித்தது. அப்புறம்தான் சொன்னார்கள், அது திருஷ்டி பொம்மை என்று. வீடு கட்டும்போது போகிறவர் வருகிறவர் கண் வீட்டின் மேல் விழாமல் பொம்மையின் மேல் விழவேண்டும் என்பதற்காக, வைக்கோல் அடைத்து, பானையைத் தலையாக வைத்து, மீசை வரைந்து உட்கார வைப்பார்களாம். சோளக்கொல்லையில் இப்படி ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். வீட்டின் மேல் பார்த்ததில்லை.

"எந்த ஊரு நீ?" என்று கேட்டார் கடைக்காரர்.

"கோலார் தங்கவயல்."

"அங்கல்லாம் ஊடு கட்ட மாட்டாங்களா?"

"மாட்டாங்க. கம்பெனி கட்டிக் குடுக்கும்."

நான் பெருமை அடித்துக்கொள்கிறேன் என்று நினைத்துவிட்டார். "அப்ப நீ குட்த்து வெச்சவன்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார். நான் சொன்னது பெருமை இல்லை என்பதை அவருக்கு எப்படி விளக்குவது என்று தெரியாமல் பஸ் ஏறினேன்.

மேரி, அருள், நீங்கள் இரண்டு பேரும் இந்த ஊரில் பிறந்தவர்கள். உங்களுக்கு அந்தப் பொம்மை சிரிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லி மார்க்கெட்டில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். "ஏம்பா அவரு உன்ன பார்த்துட்டு பாக்காத மாதிரி போறாரு?" என்று மேரி கேட்டாள். நான் கத்தரிக்காய் பொறுக்குவது போலக் குனிந்துகொண்டேன். வாயால் சொல்ல வராததை எழுதிப் பார்க்கிறேன். தங்கவயலில் இருக்கும் நம் சொந்தங்களும் இதைப் படிக்கட்டும். ஞானப்பிரகாசம் சென்னைக்குப் போய் இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டான் என்று அங்கே ஒரு பேச்சு இருந்தது. அந்த இன்ஸ்பெக்டர் உத்தியோகத்தின் கதையும் இதுதான்.

நான் படித்தது பத்தாம் வகுப்பும், அதற்கு மேல் ஐடிஐயில் கட்டடப் படம் வரைகிற வேலையும். சுரங்கத்தில் ஆள் எடுப்பதைக் குறைத்துவிட்ட காலம் அது. அம்பத்தூரில் ஒரு இன்ஜினியர் ஐயா ஆபீஸ் வைத்திருந்தார். வீடு கட்டக் கடன் கொடுக்கும் ஒரு கம்பெனிக்காக வீடுகளைப் பார்த்து ரிப்போர்ட் கொடுப்பது அவர் வேலை. வேலை கேட்டுப் போன அன்றைக்கு, அவர் ஆபீஸ் சுவரில் ஓடிய ஒரு விரிசலைக் காட்டி, "இது என்ன?" என்றார். நகத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "பூச்சு மட்டும்தான் சார் விட்டிருக்கு, சுவர் நல்லா இருக்கு" என்றேன். உடனே சேர்த்துக்கொண்டார். விரிசல் பார்க்க எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தங்கவயலில் பூமிக்குள் பாறை வெடிக்கும்போது மேலே எங்கள் வீட்டுத் தட்டு தானாக நகரும். மறுநாள் காலையில் லயன் முழுக்க, கம்பெனியின் அந்த வரிசை வீடுகள் முழுக்க, எல்லோரும் சுவரைத்தான் பார்ப்போம். எந்த விரிசல் பழையது, எது புதியது, எது வளர்கிறது என்று எட்டு வயதிலேயே எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சுவர் எங்களுடையது இல்லை. விரிசல் மட்டும்தான் எங்களுடையது.

சைக்கிளில் டேப்பையும் கேமராவையும் எடுத்துக்கொண்டு ஆவடி, பாடி, பூந்தமல்லி என்று சுற்றுவேன். அஸ்திவாரம் முடிந்தால் ஒரு முறை, சுவர் எழும்பி ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டம் வந்தால் ஒரு முறை, கூரைத் தளம் போட்டால் ஒரு முறை. ஒவ்வொரு கட்டத்துக்கும் நான் சைட் இன்ஸ்பெக்டர் என்ற பெயரில் பார்த்து எழுதி, இன்ஜினியர் ஐயா கையெழுத்துப் போட்டு, ஃபைல் மவுண்ட் ரோட்டுப் பக்கம் இருக்கும் கம்பெனி ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து பம்பாய் தலைமை ஆபீசுக்குப் போகும். பம்பாய் சரி என்றால்தான் அடுத்த தவணை வரும். சரி என்று அது லேசில் சொல்லாது. கேள்வி கேட்கும். அதற்கு க்வெரி என்று பெயர். செங்கல்லும் மணலும் சேர்ந்து வீடு ஆகிறது என்று வேலைக்குச் சேர்ந்தபோது நினைத்தேன். க்வெரியும் பதிலும் சேர்ந்துதான் ஆகிறது என்று போகப்போகத் தெரிந்தது.

மார்க்கெட்டில் என்னைப் பார்த்து முகத்தைத் திருப்பிய பெரியவர் பெயர் தணிகாசலம். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். சொந்த ஊர் அரக்கோணம் பக்கம். அங்கே பங்கு எதுவும் மிச்சமில்லை. குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டே சென்னீர்குப்பத்தில் மனை வாங்கி, அந்தக் கம்பெனியில் கடன் போட்டு வீடு கட்டினார். செப்டம்பர் கடைசியில் அவருக்கு ரிடையர்மென்ட். தீபாவளிக்குள் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன்னால் தளம் போட்டு, ஒரு அறையாவது ஒழுங்கு செய்து குடிபோய்விட வேண்டும். அவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான். "தலைக்கு மேல மூடியிருந்தா போதும் தம்பி. பூசறது, வெள்ளையடிக்கறதுலாம் நான் மெதுவா பண்ணிக்கறேன்."

லிண்டல் மட்டம் வந்த அன்றைக்கு நான் பார்க்கப் போயிருந்தேன். மேஸ்திரி ஏழுமலை, முன் அறை ஜன்னல் ஓட்டைக்குப் பின்னால் ஒரு கால் உடைந்த நாற்காலியில் பொம்மையை உட்கார வைத்துக்கொண்டிருந்தார். மேலே வைத்தால் தளத்துக்குச் சென்ட்ரிங் பலகை அடிக்கும்போது இடைஞ்சலாம். பேண்ட் மட்டும் போட்டுக்கொண்டு வைக்கோல் மார்போடு இருந்தது பொம்மை.

"சார், பழைய சட்ட எதுனா கீதா? பேண்ட்டு ஊட்டுக்காரு குட்த்துட்டாரு. மேலுக்கு இல்லாம குளுருல கீறான் பாரு!"

மறுநாள் என் பெட்டியின் அடியில் இருந்த அப்பாவின் நீலச் சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் தாத்தா சுரங்கத்துக்குப் போட்டுக்கொண்டு போன சட்டை. கழுத்துப்பட்டி கிழிந்து, யாரும் போட முடியாமல் இருந்தது. பெட்டிக்குள் மக்குவதைவிட எங்கேயாவது காற்றாடட்டும் என்று நினைத்தேன். அதைப் போட்டதும் தணிகாசலத்தின் மனைவி ராஜம்மா தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இப்பதான் ஊட்ல ஒரு ஆம்பள இருக்கற மாதிரி கீது" என்றார். தணிகாசலம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் போட்டோ எடுத்தேன். அந்த வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு நாள்தான்.

மூன்று வாரம் கழித்து க்வெரி வந்தது. லிண்டல் பற்றியோ கம்பி பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. போட்டோவில் முன் அறைக்குள் நீலச் சட்டை அணிந்த ஒருவர் அமர்ந்திருக்கிறார், முடிவடையாத வீட்டில் குடியிருக்கும் அவர் யார், வீடு வாடகைக்கு விடப்பட்டுள்ளதா, விளக்கம் தேவை என்று டைப் அடித்திருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. மேனாம்பேட்டு டீக்கடை ஞாபகம் வந்தது. என்னைப் போல பம்பாயிலும் ஒருவர் ஏமாந்திருக்கிறார், பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அது ஆள் இல்லை, பொம்மை, இன்ன காரணத்துக்காக வைப்பது வழக்கம் என்று தெளிவாக எழுதி அனுப்பினேன். பதில் வந்தது. இதை இன்ஸ்பெக்டர் சொன்னால் போதாது, கடன் வாங்கியவர் முத்திரைத் தாளில் உறுதிமொழி கொடுக்க வேண்டும். தணிகாசலம் அரை நாள் லீவு போட்டு, நோட்டரியிடம் நின்று, என் வீட்டில் இருப்பது வைக்கோல் பொம்மை என்று உறுதிமொழி கொடுத்தார். ஆடி முடிந்துவிட்டது. அடுத்த க்வெரி வந்தது. உருவம் இல்லாமல் புதிய போட்டோ வேண்டும்.

நான் மவுண்ட் ரோட்டு ஆபீசுக்கே போனேன். எங்கள் பக்கத்து ஃபைல்களைப் பார்ப்பது ஒரு இளம் பெண். மரியாதையானவர். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"மேடம், அது பொம்மைன்னு உங்களுக்குத் தெரியுதில்ல?"

"எனக்குத் தெரியாதா சார்? எங்க அண்ணா வீடு கட்டும்போதும்தான் வெச்சோம். அதுக்கு எங்க அண்ணி கூலிங் கிளாஸ்லாம் போட்டு விட்டாங்க."

"அப்ப நீங்களே அதை எழுதி மூடிடலாமே?"

"கேள்வி அங்கேருந்து வந்திருக்கு சார். தெரியும்னு எழுதறதுக்கு ஃபார்ம்ல இடம் இல்ல. அவங்க கேட்ட பேப்பர் வந்தாத்தான் நான் மூட முடியும்."

அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை அதிகமாகச் சோர வைத்தது. யாராவது ஒருவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

பொம்மையை எடுக்க ராஜம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "தளம் போடறதுக்கு முன்னால எடுத்தா ஊட்டுக்கு ஆகாது. ஒங்க வேதத்துல இது இல்லன்னா போவட்டும், எங்கள்ள கீது" என்றார். ஏழுமலையும் கையைக் கட்டிக்கொண்டார். "நான் தொட மாட்டேன் சார். நாள பின்ன சாரத்துலேந்து எவனாச்சும் வுழுந்தான்னா எம்மேல வரும்." கடைசியில் தணிகாசலம் என்னைப் பார்த்தார். "நீயே எடுத்துடு தம்பி. நீ இந்த வழக்கத்துல இல்லாதவன். ஒனக்கு ஒண்ணும் ஆவாது." நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் மணல் மேட்டில் வைத்துவிட்டு வந்து போட்டோ எடுத்தேன். தூக்கும்போது அப்பாவின் சட்டைக்குள் வைக்கோல் சரசரவென்று சத்தம் போட்டது. ராஜம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். நான் திரும்பக் கொண்டுவந்து வைத்தபோது என்னைத் தாண்டிப் போய்ப் பொம்மையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

ஆவணி பாதியில் அடுத்த க்வெரி. முந்தைய போட்டோவில் காணப்பட்ட நபர் தற்போதைய போட்டோவில் இல்லாததால் அவர் காலி செய்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. வீட்டைக் காலி செய்ததாகவும், அதன்மேல் தமக்கு எந்த உரிமையும் இல்லை என்றும் அந்த நபர் கையெழுத்திட்ட கடிதத்தை அனுப்பவும்.

இதை நான் மூன்று முறை படித்தேன். அந்தப் பெண் இந்த முறை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "யார்கிட்டயாவது ஒரு கையெழுத்து வாங்கிக் குடுத்துடுங்க சார். ஃபைல் மூடிடும். பம்பாயில யார் வந்து பார்க்கப்போறாங்க?"

காலி செய்த கடிதம் எனக்குப் புதிது இல்லை. உங்கள் தாத்தா ரிடையர் ஆன வாரம், கம்பெனி ஆள் ஒருவர் அட்டையும் பென்சிலுமாக எங்கள் லயன் வீட்டுக்கு வந்தார். ஜன்னல் இரண்டு, கதவு ஒன்று, பல்பு ஹோல்டர் ஒன்று என்று எண்ணினார். நன்றாகத்தான் பேசினார், குறை சொல்ல ஒன்றுமில்லை. எண்ணி முடித்து, காலி செய்தேன் என்ற தாளில் தாத்தாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, நகலைக் கையில் கொடுத்தார். தாத்தாவின் அப்பா காலத்திலிருந்து நாங்கள் இருந்த லயன் அது. சாமான்களை ஏற்றிய பிறகு தாத்தா மறுபடி உள்ளே போய், பாறை வெடித்து விழுந்த பழைய விரிசல் ஒன்றை விரலால் தடவிவிட்டு வந்தார். இங்கே என்னிடம் வந்து ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்கவில்லை. தணிகாசலம் தளம் தளம் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வரும். அதனால்தான் சொல்கிறேன், நான் செய்தது அவசரத்தில் செய்த காரியம் இல்லை. அவர் கையில் ஒரு சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்னொரு சாவி இருக்கவேண்டும் என்று செய்தது.

ஏழுமலை கையெழுத்துப் போடத் தயாராக இருந்தார். "குடு சார், மைக்கேல்னு போடட்டா, அப்துல்லான்னு போடட்டா?" எனக்கு அது பிடிக்கவில்லை. இல்லாத மனிதன் பெயரை எழுதுவது பொய்க் கையெழுத்து. இருக்கிற இன்னொருவர் பெயரை எழுதினால் அவர் தலையில் பழி. யோசித்துப் பார்த்தேன். அந்தச் சட்டை எங்கள் வீட்டுச் சட்டை. அதைப் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தவரின் பெயரைக் கேட்டால், எங்கள் பெயரைச் சொல்வதுதான் இருப்பதிலேயே சின்னப் பொய் என்று பட்டது. சென்னீர்குப்பத்தில் இன்ன மனையில் உள்ள வீட்டில் இருந்த நான் அதைக் காலி செய்துவிட்டேன், எனக்கு அதில் எந்த உரிமையும் இல்லை என்று எழுதி, ஞானப்பிரகாசம் என்று கையெழுத்துப் போட்டேன். முன்பு இருந்த முகவரி என்ற இடத்தில் தங்கவயல் லயன் நம்பரை எழுதினேன். இன்ஜினியர் ஐயாவிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

தவணை வரும் என்று தணிகாசலம் கம்பிக்குச் சொல்லி வைத்துவிட்டார். வந்தது க்வெரி. வீட்டில் குடியிருந்தவரும் வீட்டைப் பார்த்து ரிப்போர்ட் எழுதியவரும் ஒரே நபர் எனத் தெரிகிறது. இதுவரை கொடுத்த ரிப்போர்ட்டுகள் எதுவும் செல்லாது. வேறு இன்ஜினியரைக் கொண்டு எல்லாக் கட்டங்களையும் அஸ்திவாரம் முதல் மறுபடி பார்த்து ரிப்போர்ட் வாங்க வேண்டும்.

அஸ்திவாரம் மண்ணுக்குள் இருந்தது. அதன்மேல் சுவர் இருந்தது. புதிதாக நியமித்த இன்ஜினியர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "பார்க்காததுக்கு நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். சுவர் ஓரமாக மூன்று இடத்தில் தோண்டிக் காட்டச் சொன்னார். தோண்டிய மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. குழிகளில் தண்ணீர் நின்றது. மழை விடட்டும் என்று அவர் போனவர், அந்த மழைக்காலம் முழுக்க வரவில்லை.

இன்ஜினியர் ஐயா என்னைத் திட்டவில்லை. "நீ யோக்கியன்தான் ஞானம். யோக்கியன்னு நான் அவங்களுக்கு எந்த ஃபார்ம்ல எழுதி அனுப்பறது சொல்லு?" என்றார். டேப்பையும் கேமராவையும் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் பாடியில் ஃபேக்டரி ஸ்டோரில் சாமான் எண்ணிக் கொடுக்கும் வேலைக்குப் போனேன். உங்களுக்கு நினைவு தெரிந்தபோது நான் அங்கேதான் இருந்தேன்.

தீபாவளிக்கு முன்னால் ஒரு நாள், ஈரத் தார்ப்பாய் போட்ட ஒரு டெம்போவில் தணிகாசலம் குவார்ட்டர்ஸ் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினார். கேள்விப்பட்டுப் போயிருந்தேன். தளம் வரவேண்டிய சுவர்களின் மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டு, பறக்காமல் இருக்க மேலே கல் வைத்திருந்தார். தளத்தில் சேர்த்துப் பிணைப்பதற்காக மேலே விட்டிருந்த கம்பி முனைகள் ஷீட்டைச் சுற்றித் துருப்பிடித்து நின்றன. பீரோவைப் பிடிக்கப் போனேன். "வேணாம்" என்றார் தணிகாசலம். என்னைப் பார்த்து அவர் கடைசியாகச் சொன்ன வார்த்தை அது.

ராஜம்மாதான் பேசினார். "அன்னிக்கே சொன்னேன். எடுக்காத எடுக்காதன்னு சொன்னேன். நீ தூக்கிக்கினு போன பாரு, அப்பவே எங்க ஊடு போயிட்ச்சு." நான் க்வெரியைப் பற்றி, பம்பாயைப் பற்றி, ஃபார்மில் இடம் இல்லாததைப் பற்றி விளக்க வாயெடுத்தேன். எனக்கே அது பொம்மைக் கதையைவிட நம்ப முடியாத கதையாகத் தோன்றியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிள்ளைகளா, என்னை நீங்கள் நல்லவன் என்று சொல்லவேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கையெழுத்தை நான் போடாமல் இருந்திருந்தால் வேறு ஒரு க்வெரி வந்திருக்குமா, தளம் வந்திருக்குமா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. தெரியாமலேயே ஒரு பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது. டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் காகிதம் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். தங்கவயலில் நாம் மூன்று தலைமுறை குடியிருந்ததற்கு நம்மிடம் எந்தச் சீட்டும் இல்லை, காலி செய்ததற்கு மட்டும் இருக்கிறது. இந்த ஊரில் அப்பா எத்தனையோ வாடகை வீடு மாறியாகிவிட்டது, அதற்கும் எந்தச் சீட்டும் இல்லை. நான் இங்கே இருந்ததாக எழுத்தில் இருக்கும் ஒரே வீடு சென்னீர்குப்பம் வீடு. அங்கே நான் ஒரு வேளைச் சோறுகூடச் சாப்பிட்டதில்லை. அதையும் காலி செய்துவிட்டேன் என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

பெங்களூர் ரோட்டில் பஸ்ஸில் போகும்போது இடது பக்கம் பாருங்கள். ஷீட் போட்ட வீடு. நாங்கள் வந்த ஊருக்குத் திரும்பிப் போகிற ரோடும் அதுதான். சாமான் இறக்கும்போது எடுத்துவைத்த பொம்மையை ராஜம்மா பழையபடி ஜன்னலில் கொண்டுவந்து வைத்துவிட்டார், வீடு இன்னும் முடியவில்லை அல்லவா. பானையில் மீசை அழிந்துவிட்டது. தாத்தாவின் நீலச் சட்டை வெயிலில் வெளுத்து ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது. ஒரு பக்கம் சென்னை, ஒரு பக்கம் தங்கவயல் என்று போகிற அந்த ரோட்டைப் பார்த்தபடி அது உட்கார்ந்திருக்கிறது. நம் வீட்டில் அது மட்டும்தான் இன்னும் காலி செய்யவில்லை.